அட்டைக் கிரீடமும் திண்டிவனத்து ராஜாவும்

12-1-58, ஞாயிறு. விழுப்புரம்.

காலையில் பனி. எதிர்க் கடை போர்டு தெரியவில்லை. பொங்கல் தையல் இன்னும் பாக்கி. ஜாக்கெட்டுகள், பையன்கள் கால்சட்டை, மிராசுதார் வீட்டு ஜிப்பா. இதற்கு நடுவே வேண்டாத வேலை ஒன்றை இழுத்து விட்டுக்கொண்டேன்.

எங்கள் தெரு நாடக மன்றம் அடுத்த மாதம் எட்டாம் தேதி சோழ ராஜா நாடகம் போடுகிறது. செக்ரட்டரி நடேசன், பார்சல் ஆபீஸ் கிளார்க், கடைக்கு வந்தான். வாடகைக்கு வரும் நகையெல்லாம் காலண்டர் சாமி போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கிறதாம். கோயில் சிலையில் இருக்கிற மாதிரி வேண்டுமாம்.

“நீங்க நாடகக் கம்பெனியில இருந்தவரு. கையால செஞ்சி குடுங்க மாஸ்டர்.”

சரி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ராஜா வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றான். “திண்டிவனத்துல ஏகாம்பரம் இருக்கான். எங்க கம்பெனி ராஜபார்ட். நான் கூட்டிக்கினு வர்றேன்” என்று சொல்லிவிட்டேன். ஏகாம்பரத்தைப் பார்த்தே பத்து வருஷத்துக்கு மேல். ரயிலில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊர். போகவில்லை. அவனும் வரவில்லை.

என் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும்.

15-1, மாட்டுப் பொங்கல்.

கடை லீவு. கிரீட வேலை ஆரம்பம். வேண்டியவை:

கெட்டி அட்டை (சட்டைத் துணிப் பெட்டி)
பழைய பேப்பர், புளியங்கொட்டைப் பசை. பூச்சிக்கு மயில்துத்தம் கொஞ்சம்
ஜிகினாத் தாள், மஞ்சளில். பளபளப்பு குறைந்தது
கண்ணாடிச் சில்லு, வளையல் துண்டு
மல்லாட்டைத் தோல்

மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், என் சொந்த மூளை. பாதியாகப் பிளந்து, கவிழ்த்து ஒட்டி, மேலே பொன் வர்ணம் பூசினால் அதன் வரி வரியான முதுகு சிற்ப வேலை மாதிரியே இருக்கிறது. சம்சாரம் கோமளாவிடம் காட்டினேன்.

“அட்டை ராஜாவுக்கு இவ்ளோ நகை. என் மூக்குத்தி திருகாணி தொலைஞ்சி ஆறு மாசமாவுது. அதைக் கேக்க நாதி இல்ல” என்றாள். நியாயம்தான்.

பசை காயும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ ஞாபகம். கம்பெனியில் ஏகாம்பரம் ராஜா, நான் ராணி. மீசை முளைக்கிற வயசு தாண்டியும் நான்தான் ராணி. தினமும் இரண்டு வேளை க்ஷவரம். ஜோடி ஜோடியாக ஒருவருக்கொருவர் வேஷம் கட்டிவிட வேண்டும் என்பது வாத்தியார் போட்ட சட்டம். ராஜாவுக்கு ராணிதான் கிரீடம் கட்ட வேண்டும். வேறு யாராவது கட்டினால் வசனம் வராது என்று ஏகாம்பரம் அடம் பிடிப்பான். திருவக்கரையில் கொட்டகை போட்டிருந்தபோது எனக்குக் காய்ச்சல். அப்போதும் என்னைத் தூக்கி உட்காரவைத்துத்தான் கட்டிக்கொண்டு போனான்.

நல்ல காலம் அது. சோறு மட்டும் சரியில்லை.

19-1, ஞாயிறு.

திண்டிவனம் போய் வந்தேன். பாசஞ்சர் லேட். முண்டியம்பாக்கத்தில் ஏறிய அம்மாள் என் மேல் கரும்புக் கட்டைச் சாய்த்துவிட்டு, “இன்னா பெரியவரே, கொஞ்சம் தள்ளி குந்தக் கூடாதா” என்று என்னையே அதட்டினாள். பெரியவராம்.

ஏகாம்பரம் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறான் என்று கேள்வி. ஸ்டேஷனிலிருந்து நடந்தேன். ஆளைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே குரல்.

“லாபம்... ரெண்டூ... மூணூ...”

மூட்டை எண்ணுகிறான். மண்டியில் ஒன்றுக்கு லாபம் என்றுதான் சொல்வார்கள். அதே குரல். கொட்டகைக் கடைசி வரிசைக்குப் போகிற குரல். நின்றுவிட்டேன். ஒரு வண்டிக்காரன் ஒதுங்கச் சொல்லித் திட்டினான்.

தலையில் முண்டாசு, உடம்பெல்லாம் தூசி. என்னைப் பார்த்ததும் கணக்கு விட்டுப்போயிற்று. “டேய் சபாபதி!” என்றான். கட்டிப் பிடித்தான். அப்புறம் மறுபடியும் லாபத்திலிருந்து எண்ணினான். மண்டிக்காரர் முறைத்தார்.

டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் மாறிப்போயிற்று.

“வேணாண்டா. ராஜா ராஜான்னு கைதட்டின சனம். இப்ப போயி நின்னா சிரிப்பாங்க. கோமாளி வேஷம் இருந்தா சொல்லு, வர்றேன். ராஜாவா நின்னு சிரிப்பு வாங்க என்னால முடியாது.”

எவ்வளவோ சொன்னேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

திரும்பும்போது ரயிலில் எனக்கு அழுகை வந்தது. அவன் வராததற்கா, அவன் சொன்னது உண்மையோ என்றா, தெரியவில்லை.

23-1, வியாழன்.

நடேசனிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால், “வருவான், வருவான்.”

பேஜாரு. ராணியின் கழுத்து மாலைக்குக் குண்டு மணி வேண்டுமென்று மல்லாட்டையை முழுசாக, பிளக்காமல் கோத்து வர்ணம் பூசி வைத்திருந்தேன். உள்ளே பருப்பு இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. எலி இழுத்துப்போய்விட்டது. மெஷினுக்கு அடியில் பொன் பூசிய தோல்கள். கோமளா சிரித்துச் சிரித்து, “சோழ ராணி நகை எலிக்கு சீர் போயிடுச்சி” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வங்கி, ஒட்டியாணம், குண்டலம் முடிந்தன. ஒட்டியாணத்துக்குப் பழைய பட்டுப் புடவை ஜரிகைக் கரை. புஜகீர்த்தி ஒன்று மட்டும் கோணல். தோளில் ஏறினால் தெரியாது.

27-1, திங்கள்.

கிரீடம் முடிந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, நன்றாக வந்திருக்கிறது.

நடேசனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையோடு ஒரு ஆளைக் கூட்டி வந்தான். கூட்ஸ் ஷெட் சந்தானம். நல்ல சிவப்பு, சுருட்டை முடி, கீச்சுக் குரல். “உங்க ஆளு வரலன்னா இவருதான் ராஜா. போட்டுப் பாருங்க மாஸ்டர்.”

வைத்தேன். கிரீடம் கண்ணைத் தாண்டி மூக்கில் போய் உட்கார்ந்தது.

“அளவு எடுத்தீங்களா இல்லியா?”

எடுக்கவில்லை! ஊரையெல்லாம் டேப் வைத்து அளக்கிறவன், கிரீடத்துக்கு டேப்பைத் தொடவே இல்லை. விரலை வளைத்துப் பார்த்து, இவ்வளவுதான் என்று வெட்டியிருக்கிறேன். அது யார் தலை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“பின்னாடி வெட்டி ஒட்டிடுங்க. ஜல்தி” என்றான் நடேசன். கத்தரிக்கோலை எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ராஜா வராவிட்டால் வெட்டித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

2-2, ஞாயிறு.

கிரீடத்தை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம். டிக்கெட் பரிசோதகர், “பலாப்பழமா?” என்றார். ஆமாம் என்றேன்.

ஏகாம்பரம் வீட்டில் இருந்தான். அவன் சம்சாரம் பட்டம்மா கேப்பைக் கூழ் கொடுத்தது. கம்பெனி கலைந்த பிறகு கல்யாணம் ஆன பெண். இவனை வேஷத்தில் பார்த்ததே இல்லை.

“நடிக்க வேணாம். ஒரு தபா தலையில வெச்சிப் பாரு. உன் அளவுக்குத்தான் செஞ்சிருக்கேன்” என்றேன்.

ரொம்ப நேரம் கிரீடத்தையே பார்த்தான். மல்லாட்டை என்று கண்டுபிடித்துவிட்டான். நாளெல்லாம் அதிலேயே புரளுகிறவன். அப்புறம் முண்டாசை அவிழ்த்தான்.

முழு வழுக்கை. காதோரம் மட்டும் நாலு வெள்ளை முடி.

கம்பெனியில் எல்லோருக்கும் இடுப்புவரை முடி. அதை எண்ணெய் போட்டு வாரி, உச்சியில் கொண்டையாகச் சுருட்டி, அதன் மேல்தான் கிரீடம் கட்டுவேன். அந்தக் கொண்டையோடு சேர்த்தல்லவா என் விரல் அளந்து வைத்திருக்கிறது!

வைத்தேன். சந்தானத்துக்கு மூக்கில் நின்றது, இவனுக்கு வாய்வரை இறங்கிவிட்டது. முகமே காணோம். பட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டது. முடிந்தது, இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டான் என்று நினைத்தேன்.

கிரீடத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. ராஜா குரல்.

“யாரங்கே! விளக்கைக் கொளுத்து!”

பட்டம்மா வெடித்துச் சிரித்தது. நானும். அவன் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

“சிரிச்சிட்டீங்க இல்ல? இதுக்காடா இத்தினி வருசம் பயந்துகினு கெடந்தேன்?”

பட்டம்மா சொன்னது: “போங்களேன். ஊரே பாத்துதாம். நான் மட்டும் பாக்கலியே.”

“துண்டு ரெண்டு சுத்தினா நிக்கும்” என்றான் ஏகாம்பரம். “வசனம் எவ்ளோடா?”

6-2, வியாழன்.

தினமும் மாலை ரயிலில் வருகிறான். வசனம் பாடம். நடேசன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். சந்தானம் இப்போது மந்திரி. அவனுக்கும் சந்தோஷம்தான், வசனம் குறைவு.

ராணி வேஷத்துக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு நடிகை. நல்ல பெண், கணீரென்று பேசுகிறாள். இப்போதெல்லாம் ராணிக்குப் பெண்களே வருகிறார்கள். அதுதான் சரி. ஆனாலும் ஒட்டியாணத்தை அவள் இடுப்பில் அளந்தபோது கொஞ்சம் பொறாமை. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

மிராசுதார் ஜிப்பா இன்னும் தைக்கவில்லை.

9-2, ஞாயிறு.

முதுகு வலி. கோமளா வென்னீர் ஒத்தடம். நேற்று நாடகம் நடந்துவிட்டது.

நல்ல கூட்டம். பட்டம்மாவும் கோமளாவும் முன்வரிசையில். நடேசன் கிரீடத்தைக் கட்டிவிட வந்தான். ஏகாம்பரம் தலையை இழுத்துக்கொண்டான். “சபாபதி கட்டட்டும்.” இரண்டு துண்டு சுற்றி, அதன் மேல் வைத்து, நாடாவை முடிந்து, உள்ளே விரல் விட்டு இறுக்கம் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

நான் படுதா ஓரத்தில், பக்கவாட்டில். கிரீடம் அசையாமல் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மல்லாட்டைத் தோல் நிஜமாகவே பொன்தான். முதல் வசனத்துக்கே கைதட்டல்.

கடைசிக் காட்சி. ராஜா யுத்தத்துக்குப் போகிறான், ராணியிடம் விடை கேட்கிறான். நடிகை மேடைக்கு நடுவில் நிற்கிறாள். ஏகாம்பரம் அவளைப் பார்த்து நடந்தான். நின்றான். முகத்தைத் திருப்பினான். நேராக என்னைப் பார்த்தான்.

“தேவி, வருகிறேன்.”

என் வாய் தானாக அசைந்தது. “சென்று வாருங்கள், நாதா.” பழைய ராணிக் குரல் வரவில்லை, தையல்காரன் குரல்தான், அதுவும் தொண்டைக்குள்ளேயே. அந்தப் பெண்ணும் அதே வசனத்தை உரக்கச் சொன்னாள். அவன் அசையவில்லை. நானும் முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனான். எனக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

படுதா விழுந்ததும் நகைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டிருந்தேன். நடிகைக்குக் கோபம்.

“நல்லா நடிக்கிறாருங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா கடைசியில என்னைப் பாக்கவே இல்ல. சைடுல யாரையோ பாத்துக்கினு பேசுறாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?”

“வயசாயிடுச்சிம்மா” என்றேன். “கண்ணு சரியா தெரியாது அவனுக்கு.”