சிவப்புக் கைப்பிடி பிரஷ்

ஊரப்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இன்று காலை காரின் பானெட்டைக் காட்டினார். அலுமினிய பானெட். ஓரம் முழுக்கப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. "போன வருஷம்தான் அடிச்சேன் சார். பெயிண்டர் நல்லா ஏமாத்திட்டான்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உன் நினைவு வந்துவிட்டது, மச்சான்.

பெருங்களத்தூர் ஷெட்டில் நான் டிங்கர், நீ பெயிண்டர். எண்பதுகளின் கடைசியில் மாடம்பாக்கம் ரைஸ்மில்காரர் ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பைக் கொண்டுவந்து விட்டார். உடம்பு முழுக்க அலுமினியத் தகடு. பழைய பெயிண்டை நான் தேய்த்து எடுத்தேன், நீ அடித்தாய். கதவில் மில் பெயரை எழுதிவிட்டு, பின்பக்க மூலையில் வழக்கம்போல உன் பெயரைக் கடுகு அளவில் போட்டாய். அதைப் போட்ட பிறகுதான் உனக்கு டீயே இறங்கும்.

ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. ஷெட் வாசலில் பத்துப் பேர் பார்க்க அந்த ஆள் கத்தினார்.

"இன்னாய்யா பெயிண்ட் அடிச்சிக்கீறே? அம்மை போட்ட மாரி கீது! மட்ட சரக்கை அடிச்சுட்டு பேரு வேற போட்டுக்கினியா? சொரண்டுய்யா அதை!"

நீ உளியை எடுத்து உன் பெயரை நீயே சுரண்டினாய். நான் பக்கத்தில் நின்று ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளைப் பொடி, நடுவில் துருப்பிடித்த புள்ளிகள். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. லாரியின் அடிச்சட்டமான இரும்புச் சேஸில் துரு தேய்த்த அதே கம்பி பிரஷ்ஷால் நான் அலுமினியத்தையும் தேய்த்திருந்தேன். அதிலிருந்த இரும்புத் தூள் தகட்டில் பதிந்து, ஈரம் பட்டதும் பெயிண்டுக்கு அடியில் உப்புப் பூத்துவிட்டது. உன் பெயிண்டில் ஒரு குறையும் இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. பயம். என் வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு?

அந்த ஆள் மீது இன்றும் ஆத்திரம் தீரவில்லை. விசாரிக்காமல் ஒருவன் பெயரை அவன் கையாலேயே அழிக்க வைக்க யார் கொடுத்தது அதிகாரம்? என் மீது அதைவிட ஆத்திரம். ஆனால் மச்சான், உன் மீதும்தான். மறுநாள் நீ ஒரு புது எவர்சில்வர் கம்பி பிரஷ் வாங்கிவந்தாய். கைப்பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, நான் சாமான் மாட்டும் ஆணியில் மாட்டினாய். "இது அலுமினியத்துக்கு மட்டும்டா" என்றாய். அவ்வளவுதான். அப்படியென்றால் உனக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்துமா சுரண்டினாய்? என்னைப் பளார் என்று ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா? அதற்குப் பிறகு நீ சாகும்வரை எந்த வண்டியிலும் உன் பெயரைப் போடவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

அந்த பிரஷ் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாதிக் கம்பி கொட்டிவிட்டது, சிவப்பு மட்டும் போகவில்லை. இன்று அதை எடுத்துப்போய் அந்த பானெட் ஓரத்தை நானே தேய்த்தேன். உள்ளே அதே வெள்ளைப் பொடி, அதே துருப் புள்ளிகள்.

"பெயிண்டர் ஏமாத்திட்டான்தானே சார்?" என்று மறுபடியும் கேட்டார்.

"இல்ல சார். பெயிண்டர் மேல தப்பே இல்ல. தேய்ச்சவன் பண்ண தப்பு."

பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை, உன்னைத் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.