வெறுங்காலோடு வள்ளம் ஏறினேன்

பான், ஜெர்மனி
21.08.2005

அன்புள்ள கொட்வின் அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை பிளோறன்ஸ் எழுதுவது. கதிரையில் இருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் இருங்கள். நான் வள்ளத்தில் ஏறிவிட்டேன்! ஏறியது மட்டுமில்லை, ஓட்டியும்விட்டேன். அதுவும் பனிக்கட்டி மிதக்கும் கடலில். வீடு திரும்பி நாலு நாளாகிறது, இதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால், சுனாமி நம் கிறிஸ்ரியனைக் கொண்டுபோன நாளிலிருந்து நீங்கள் 'ம்' என்பதற்கு மேல் பேசுவதில்லை. பெற்ற மகனைப் பறிகொடுத்தவரிடம் பேச்சை எதிர்பார்ப்பதும் சரியில்லை. அதனால்தான் கடிதம். இதை நீங்கள் 'ம்' சொல்லி வைத்துவிட முடியாது.

சாண்ட்ரா சமையல் தொழில் படித்து முடித்துக் கப்பலொன்றில் சேர்ந்ததை முன்பே எழுதியிருந்தேன். சின்னக் கப்பல், எழுபது பயணிகள்தான். ஹம்பேர்க்கில் புறப்பட்டு, நோர்வேக் கரையோரமாக வடக்கே போய், மரமே முளைக்காத பனித்தீவுகள் வரை போகிறது. வேலை செய்பவர்கள் தங்கள் அறையில் இடமிருந்தால் வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போகலாமாம். அம்மா, இந்த ஒருக்கா வாங்கோ, பிறகு உங்களை நான் கேட்கவே மாட்டன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். என் வீட்டுக்காரர் அல்பேர்ட், சனமெல்லாம் வெயிலைத் தேடிப் போகுது, என்ரை மனிசி ஐஸைத் தேடிப் போறா என்று சிரித்தார். அவருக்கு லீவு கிடைக்காத எரிச்சல் அது.

எனக்கு உள்ளூரப் பயம்தான் அண்ணா. டிசம்பருக்குப் பிறகு இங்கே ரைன் ஆற்றுப் பாலத்தில்கூடத் தண்ணீரைப் பார்க்காமல்தான் நடந்தேன். ஆனால் டெல்சி மச்சாள் ஜூனில் எழுதிய கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. நிவாரணத்தில் கிடைத்த புது வள்ளம் வந்த நாளிலிருந்து ஒருநாளும் தண்ணீரைத் தொடாமல் கரையில் குப்புறக் கிடக்கிறதாம். அதற்குள் கோழிகள் முட்டையிடுகின்றனவாம். நீங்கள் வீடு கட்டச் சீமெந்துக்கல் அரிகிற இடத்தில் கூலிக்குப் போகிறீர்களாம். வருட முடிவுக்குள் இறக்காத வள்ளங்களை வேறு ஆட்களுக்குக் கொடுப்பதாகக் கடற்தொழிலாளர் சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். சங்கத் தலைவர் செல்வரட்ணம் அண்ணையைக் குறை சொல்ல முடியாது. வள்ளமில்லாமல் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள். அண்ணாவைக் கடலுக்குப் போங்கள் என்று சொல்ல, கடலைப் பார்க்கவே பயந்த எனக்கு என்ன தகுதி? அதுதான் போனேன்.

முதல் இரண்டு நாளும் வாந்தி. அப்பா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். கடற்தொழிலாளியின் மகள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள்! மூன்றாம் நாள் சாண்ட்ரா தந்த இஞ்சித் தேநீரைக் குடித்துவிட்டு மேல்தளத்துக்குப் போனால், ஐயோ அண்ணா, எதைச் சொல்ல எதை விட! மலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. மலையுச்சியிலிருந்து தண்ணீர் விழுகிறது. அடுத்தடுத்த நாட்களில் வீடுகள் குறைந்தன, மரங்கள் குறைந்தன, பிறகு இரண்டுமே இல்லை. திமிங்கிலம் கப்பலுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிவிட்டுப் போனது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் கையிலிருந்த கோப்பியைச் சிந்திவிட்டார்.

கடைசியில் பனியாற்றைக் கண்டோம். ஆறு என்றால் ஓடுகிற ஆறு இல்லை. ஆயிரமாயிரம் வருடப் பனி இறுகி, மலையிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து கடலில் முடிகிறது. நம் கோயில் கோபுரத்தைப் போல மூன்று மடங்கு உயரத்தில் ஒரு சுவர். வெள்ளை என்றுதானே நினைப்பீர்கள்? நீலம்! அம்மா உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியின் நீலம்.

அதைக் கிட்டப்போய்ப் பார்க்க ரப்பர் வள்ளத்தில் எட்டு எட்டுப் பேராக ஏற்றினார்கள். என் முறை வந்தது. அப்போதுதான் மானம் போனது. என்னையறியாமல் குனிந்து இரண்டு சப்பாத்தையும் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். செருப்புக் காலோடு வள்ளத்தில் ஏறலாமா? கரையில் நின்று பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் அல்லவா! அந்தக் குளிரில் ஈரப்படியில் வெறுங்காலோடு நிற்கிறேன், பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கத்துகிறார்கள். சாண்ட்ரா சமையலறைக் கதவடியில் நின்று முகத்தை மூடிக்கொண்டாள்.

வள்ளம் ஓட்டுகிறவர் டீற்றர் என்று ஒரு தாடிக்காரர். ஏன் கழற்றினாய் என்று கேட்டார். வள்ளம் எங்களுக்குச் சோறு போடுவது, அதில் மிதியடியோடு ஏறமாட்டோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தானும் வட ஜெர்மனியில் மீன்பிடிகாரரின் மகன்தான், வள்ளத்தில் விசிலடித்தால் அப்பா அறைவார் என்றார். அப்படியானால் உனக்கு ஓட்டத் தெரியுமே என்று கேட்டார். எங்கள் ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதே இல்லை என்றேன். அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

பதினொரு வயதில் நான் வள்ளத்தில் வலைக்கு அடியில் ஒளிந்திருந்தது நினைவிருக்கிறதா? நீங்கள் காதைப் பிடித்து இறக்கி, கோயிலுக்கு ஓடிப்போய் ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவந்து வள்ளம் முழுவதும் தெளித்தீர்கள். அன்று மீன் படாததற்கும் என்னைத்தான் ஏசினீர்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி எழுதப்போவதைப் பொறுமையாக வாசியுங்கள் அண்ணா.

நாங்கள் பனிச்சுவரிலிருந்து தள்ளி, ஆழத்தில் நின்றோம். பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். சுவரில் வீடளவு துண்டு பிளந்து கடலில் விழுந்தது. அதிலிருந்து அலை கிளம்பியது. நான் கண்ணை மூடி, அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். கிறிஸ்ரியன்தான் மனதில் வந்தான். டீற்றர் பதறவில்லை. வள்ளத்தின் முன் அணியத்தை அலைக்கு நேரே திருப்பினார், அவ்வளவுதான். வள்ளம் கொஞ்சம் உயர்ந்தது, கொஞ்சம் தாழ்ந்தது. நான் அலை எப்போது வரும் என்று கேட்டேன். அது போய்விட்டதே என்று கரையைக் காட்டினார். பார்த்தால், அங்கே கல்லுக் கரையில் அதே அலை ஆளுயரத்துக்கு எழும்பி அடிக்கிறது. ஆழத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆபத்தெல்லாம் கரையில்தான் என்றார்.

நான் அழுதேன். எல்லாரும் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். ஜனவரியில் நீங்கள் என்னிடம் கடைசியாக முழுசாகச் சொன்ன வசனம் காதில் கேட்டது. அந்த அலை என்ரை வள்ளத்துக்குக் கீழாலதானே போனது தங்கச்சி, எனக்கெப்பிடித் தெரியாமல் போனது, நான்தானே அவனைப் பூசைக்குப் போ எண்டு கரையில விட்டனான் என்றீர்கள். அண்ணா, தெரிந்திருக்காது. உங்களுக்கு மட்டுமில்லை, எந்தக் கடலோடிக்கும் தெரிந்திருக்காது. ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நான் அந்த வள்ளத்தில் இருந்தேன், அலையை எதிர்பார்த்து இருந்தேன், எனக்கே தெரியவில்லை. நீங்கள் பிழை ஒன்றும் செய்யவில்லை.

திரும்பும்போது டீற்றர் எஞ்சின் பிடியை என் கையில் தந்தார். வலப்பக்கம் போக இடப்பக்கம் தள்ள வேண்டுமாம், இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லையே! முதலில் ஒரு பனிக்கட்டியில் இடித்தேன். பிறகு நேராகக் கப்பல் வரை வந்தேன். இவ்வளவு சந்தோசத்தை இத்தனை வருடம் நீங்களெல்லாரும் தனியாக வைத்திருந்திருக்கிறீர்கள். அநியாயம்.

டிசம்பரில் கிறிஸ்ரியனின் ஆண்டுப் பூசைக்கு நானும் சாண்ட்ராவும் வருகிறோம். திரும்பவும் சண்டை தொடங்க முதல், பாதை திறந்திருக்கும்போதே வந்துவிட வேண்டும். பூசை முடிந்ததும் என்னை உங்கள் வள்ளத்தில் கொண்டுபோங்கள். அன்று காலை நீங்கள் நின்ற இடத்தில் பிள்ளைக்குப் பூப் போட வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள், பிறகு தெளிக்க ஒரு போத்தல் தீர்த்தம் நானே வாங்கி வைக்கிறேன். உங்களுக்குக் கை நடுங்கினால் எஞ்சினை நான் பிடிக்கிறேன். வள்ளத்தை நிமிர்த்தி வைப்பது மட்டும் உங்கள் வேலை.

கடலுக்குப் போகிறவர்களைக் காக்கும் அந்தோனியார் கரையில் இருக்கிற உங்களையும் காக்கட்டும்.

என்றும் அன்பு மாறாத,
பிளோறன்ஸ்

பி.கு. கோழிகளுக்கு வேறு கூடு கட்டச் சொல்லி மச்சாளுக்குத் தனியாக எழுதிவிட்டேன்.