இரண்டாவது திமூர்

2023, பிப்ரவரி 6, திங்கள்

இன்றைக்கும் ஏழு பேர்தான். இணைய வகுப்பு என்று பெயர், இணையத்தான் ஆளில்லை. ராயிசா டீச்சர் உக்ரைனில், எங்கள் ஊர் மிக்கலாயிவில், தன் வீட்டு நடைவழியில் தரையில் உட்கார்ந்து கணக்கு நடத்துகிறார். குண்டு விழுந்தால் தெறிக்க ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதானாம். நான் இங்கே ருமேனியாவில், எங்களைப் போலப் போருக்குத் தப்பி வந்து சேர்ந்த பிள்ளைகளுக்காக வியோரிகா அக்கா திறந்து வைத்திருக்கும் நூலகக் கூடத்தில். ஊர் பெயர் கலாட்ஸ். கலாட்டா கூடாது என்பது கூடத்தின் முதல் விதி. ஊர் பெயருக்கே துரோகம்!

முடிக்கும்போது டீச்சர் தொண்டையைச் செருமினார். "பிள்ளைங்களா, தினம் பத்துப் பேராவது வரலேன்னா, மார்ச் கடைசில நம்மளை 9-ஏ கூடச் சேர்த்துடுவாங்க. உங்களுக்கு வேற டீச்சர்."

9-ஏ! வருஷா வருஷம் நாங்கள் பனிப்பந்து எறிந்த அந்தக் கூட்டத்தோடா? மூன்றாவது பெஞ்ச், கையுறை காயவைத்த சூட்டுக்குழாய், தலைமையாசிரியர் பெயரை நாங்கள் சூட்டிய ஜன்னல் கள்ளிச்செடி — அது 9-பி. அதுவும் போய்விட்டால், ஊரில் எனக்கென்று என்ன இருக்கிறது?

பிப்ரவரி 8

கூடத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் சும்மா கிடக்கின்றன. வகுப்புக்கு வராதவர்களில் திமூர், ஹ்லீப், வெரோனிகா. ஏழும் மூன்றும்? இந்தக் கணக்கு எனக்கே தெரியும்.

பிப்ரவரி 9

மூன்று கம்ப்யூட்டரிலும் மூன்று பெயர்கள் திறந்தாகிவிட்டது. மூன்று பேருக்கும் ஒரே நாளில் கேமரா கெட்டுவிட்டது. பாவம்.

டீச்சர் பெயர் கூப்பிடக் கூப்பிட நாற்காலி விட்டு நாற்காலி ஓடி "உள்ளேன், உள்ளேன்" என்றேன். திமூருக்கு மூக்கடைத்த குரல். ஹ்லீபுக்கு இருமல். வெரோனிகாவிடம் போவதற்குள் பின்னாலிருந்து வியோரிகா அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"நீ ஒருத்தி. உனக்கெதுக்குடி நாலு நாற்காலி?"

மைக்கை அணைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "இதெல்லாம் தப்பு" என்றார். பிறகு வெரோனிகாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் என்ன சொல்லணும்?"

"'யே'ன்னு மட்டும் சொல்லுங்கக்கா. எங்க பாஷையில இருக்கேன்னு அர்த்தம்."

"வெரோனிகா, பாடம் புரிஞ்சுதா?" — "யே."
"இத்தனை நாள் ஏம்மா வரலை?" — "யே."

டீச்சர் சிரிக்கவில்லை. வெகுநேரம் தண்ணீர் குடித்தார்.

பிப்ரவரி 21

அம்மாவின் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டேன். ஓடுவதற்குத் தயாராகக் கதவருகே நின்றேன். ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் கிளம்பி வந்த கோடையில் மிக்கலாயிவ் குழாய்களில் உப்புத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது.

"நம்ம வீட்டு டீடி இது. அப்பா அங்க இன்னும் இதைத்தான் குடிச்சிட்டிருப்பாரு" என்றாள். முழுசாகக் குடித்து முடித்தாள்.

இந்தக் குறும்புக்கு நான் யாரிடம் திட்டு வாங்குவது?

மார்ச் 2

ஆபத்து. டீச்சர் 'திமூரை' எழுப்பி இருபடிச் சமன்பாடு கேட்டார். நிஜத் திமூர் ஜெர்மனிக்குப் போகுமுன் ஊர்க் கணக்குப் போட்டியில் பரிசு வாங்கியவன். எனக்கு வாயில் வந்தது: "ஏழரை?"

பன்னிரண்டுக்கு இரண்டு மார்க்.

"திமூர், ஜெர்மனிக் காத்து உனக்கு ஒத்துக்கலைப்பா."

மார்ச் 3

திமூருக்கு மறுபடி இரண்டு. ஹ்லீபுக்கு ஒன்று. வெரோனிகாவுக்கு மூன்று — வியோரிகா அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மார்ச் 7

மார்க் எல்லாம் பெற்றோரின் போனுக்குப் போகும் என்பதை நான் எப்படி மறந்தேன்!

பாதி வகுப்பில் இன்னொரு 'திமூர்' கட்டம் திறந்தது. கேமராவோடு. தலை சீவாமல், காது சிவந்து, நிஜமாக.

"யார்றா அது, என் பேர்ல ரெண்டு மார்க் வாங்குறது? எங்கம்மா என்னை உயிரோட தின்னுறாங்க!"

டீச்சர் அசையவில்லை. "வாப்பா. நீதான் முதல் திமூரா? சரி, இந்தக் கணக்கைப் போடு."

பொரிந்துகொண்டே போட்டான். யோசிக்கும்போது காதைத் திருகும் பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு முன் பெஞ்சில் அந்தக் காதைத்தானே எத்தனை வருஷம் பார்த்தேன்! சிரிக்கத்தான் நினைத்தேன். மூக்கிலும் கண்ணிலும் என்னென்னவோ வந்தது.

எல்லோரும் போனபின், "உஸ்தினா, நீ இரு" என்றார் டீச்சர்.

செத்தேன்.

"உன் இருமல் சகிக்கலை. ஹ்லீப் அப்படியா இருமுவான்?"

"உங்களுக்கு... எப்பத்திலேருந்து தெரியும் டீச்சர்?"

"முதல் நாள்லேருந்து. எத்தனை வருஷமா 'உள்ளேன்' கேக்குறேன்! எது யார் குரல்னு தெரியாதா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கூப்பிட்டேன், யாரும் வரலை. ரெண்டு மார்க் கூப்பிட்டா வர்றானுங்க பாரு."

மார்ச் 31

பதின்மூன்று பேர். எல்லாம் அசல். ஹ்லீப் அந்த ஒரு மார்க்குக்காகச் சண்டை போட வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். திமூர் இன்னும் நாலு பேரை இழுத்து வந்தான். 9-பி இனி 9-பிதான்.

வெரோனிகா மட்டும் எந்தச் செய்திக்கும் பதில் எழுதவில்லை. அவள் போயிருக்கும் பாட்டி வீடு ஆற்றுக்கு அந்தக் கரையில், எதிரிப் படை பிடித்த பக்கம். குளிர்காலத்திலிருந்து அங்கே போன் கிடைப்பதில்லை. வியோரிகா அக்கா இன்னும் அந்த நாற்காலியில்தான் வந்து உட்காருகிறார். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, டீச்சரும் சொல்லவில்லை.

மே 26, வெள்ளி

கடைசி மணி நாள், பள்ளி வருஷம் முடிகிறது. எங்கள் பள்ளியில் இன்றைக்குப் பெரிய அண்ணன் ஒருவன் ஒன்றாம் வகுப்புப் பொடிசைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிவர, பொடிசு மணியடிக்கும். இன்று டீச்சர் தனியாக எங்கள் வகுப்பறைக்குப் போயிருந்தார். போனைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். இந்த வருஷம் தோளில் ஏறியது நாங்கள்.

ஜன்னலுக்குப் பதில் பலகை அடித்திருந்தது. மூன்றாவது பெஞ்சில் நான் கீறிய மீன் இருந்தது. தலைமையாசிரியர் முள் குறையாமல் நலம். திமூர் காதைத் திருகிக்கொண்டிருந்தான்.

மணியைக் கையில் எடுக்கும்போது சைரன். "இருங்க" என்று டீச்சர் ஓடினார். படிக்கட்டு, மூச்சிரைப்பு, பிறகு திரை முழுக்க இருட்டு. நிலவறை. வெளியேறும் பொத்தானை ஒருத்தர்கூட அழுத்தவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து மணி அடித்தது. அப்புறம் டீச்சரின் குரல், திங்கட்கிழமைக் காலைக் குரல், ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது.

"வெரோனிகா?"

வியோரிகா அக்கா என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

"யே" என்றார், மெதுவாக.

பட்டியல் முடிந்தது என்று நினைத்தேன்.

"இரண்டாவது திமூர்?"

மூக்கை விரலால் அடைத்துக்கொண்டேன். அவசியமே இல்லை, ஏற்கெனவே அடைத்துத்தான் இருந்தது.

"உள்ளேன், டீச்சர்."