உறைந்த அறக்குளா

14 ஜூன் 2009, ஞாயிறு

இன்று லண்டனில், தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவன் நின்றான். நடையைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. "சுருளி" என்று அவனுடைய இயக்கப் பெயரைச் சொன்னேன். திரும்பிவிட்டான்.

எங்கள் தளபதியைச் சமாதானம் பேசக் கூப்பிட்டுச் சுட்டுக்கொன்ற மற்ற இயக்கத்தின் தளபதி அவன். நான் எங்கள் தளபதியின் மெய்க்காவலன். அன்றைக்கு என்னை முகாமில் விட்டுவிட்டுத் தனியாகப் போனார்.

உறைந்த அறக்குளா மீன் ஒன்றைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடையும் சத்தம் கேட்டது. விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். அவன் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. கடைக்காரர் போலீசைக் கூப்பிட ஃபோனை எடுத்தார்.

"வேண்டாம் தம்பி. நான் வழுக்கி விழுந்திட்டன்" என்றான், இரத்தத்தைத் துப்பிக்கொண்டு. பிறகு என்னைப் பார்த்தான். "நீ பாரியோ?"

இந்த ஊரில் என் இயக்கப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

"முதல் வெடியிலை உங்கடை தளபதி சாகேல்லை. பாரி, பாரி எண்டு உன்னைத்தான் கூப்பிட்டவர்."

என்னை வேண்டாமென்று விட்டுப் போனவர் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன்.

"இஞ்சாருங்கோ, படுக்கேல்லையோ?" மனைவி அறையிலிருந்து கூப்பிடுகிறாள். நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.