கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். தையல் பிரித்த இடம் இன்னும் வலிக்கிறதா? நான் நலம்.

பதறாமல் படியுங்கள். திங்கட்கிழமை என் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆமையாக நகர்ந்தது. ஓடும் புரோகிராம்களின் பட்டியலைப் பார்த்தால், அதில் கேள்விப்படாத ஒரு பெயர். வைரஸோ என்று பயந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அது இருக்கும் ஃபோல்டரையும் போட்டது யார் என்பதையும் பார்த்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"வைரஸ் இல்லக்கா. ஆபீஸே போட்டது. நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க ஸ்கிரீனைப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்புது. கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாது."

அதில்தானே உங்களுக்கு ஆறு மாதமாக மெயில் எழுதினேன்? வேறு வேலை தேடுவதைக்கூட எழுதினேன்.

இன்று மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வீட்டுக்காரருக்குத் தையல் பிரிச்சாச்சா?"

இங்கே யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. "ஆச்சு சார்" என்றேன். என் பாஸ்போர்ட் அவர் அலமாரியில் இருக்கிறது.

போனும் அவர்கள் கொடுத்ததுதான். அதனால் என் அறை முகவரிக்குத் தபாலில் எழுதுங்கள். பாப்பா வரைந்த படம் ஒன்றையும் வையுங்கள்.

திடீரென்று நிறுத்தினால் சந்தேகப்படுவார்கள். ஆகவே வழக்கம்போல மெயில் அனுப்புவேன். இந்த வேலை பிடித்துவிட்டது, இங்கேயே இருந்துவிடப் போகிறேன் என்று எழுதுவேன். ஒரு வார்த்தையும் நம்பாதீர்கள்.

அவசரமாக,
உங்களவள்