இரண்டு வீட்டுத் தண்ணீர்

தாம்பரம்,
ஆவணி 12.

மதகு வீட்டு அபிகாயில் அக்காவுக்கு, மேட்டு வீட்டுக் காந்திமதி கும்பிட்டு எழுதறது. புனேயில நீங்களும் மாமாவும் பிள்ளைகளும் சுகமா இருக்கணும்னு வேண்டிக்கறேன். உங்க அப்பா அடக்கத்துக்கு அப்புறம் பதினாலு வருஷமா ஒரு வார்த்தை இல்லாம இருந்துட்டு இப்ப எழுதறாளேன்னு நினைப்பீங்க. போன்ல பேசினா அழுதுடுவேன். அஞ்சாவது வரைக்கும் படிச்ச எழுத்து, கோணலா இருந்தா பொறுத்துக்கங்க.

என் வீட்டுக்காரர் தணிகாசலம் ஆடி இருபத்தொண்ணாம் தேதி தவறிட்டார். காலையில பல்லைத் தேய்ச்சுட்டு வந்து, நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னு கட்டில்ல உட்கார்ந்தார். ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. ஏரிக்கரை சுடுகாட்டுல அவங்க அப்பா பக்கத்துலயே புதைச்சோம். பதினாறாம் நாள் காரியமும் ஆச்சு. மகள் சுபத்ரா காட்டாங்குளத்தூர்ல காலேஜ் ஆபீஸ்ல வேலை பார்க்கறா. லீவு முடிஞ்சு போகும்போது என்னையும் வான்னு கூப்பிட்டா. நான்தான் போகலை. அவருக்குச் செய்ய வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

நம்ம கோரைத்தாங்கல் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லணுமா? மேட்டு வீடு, மதகு வீடு, கோடி வீடு, இந்த மூணுல எந்த வீட்டுல சாவு விழுந்தாலும், அந்த வீட்டுத் தண்ணியில குளிப்பாட்டக் கூடாது. மத்த ரெண்டு வீட்டுல இருந்தும் தண்ணி வரணும். தாது வருஷப் பஞ்சத்துல செய்யாறு பக்கமிருந்து மூணு குடும்பம் மாட்டை ஓட்டிகிட்டு இங்க வந்தப்ப, மேட்டு வீட்டுத் தலைச்சன் குழந்தை செத்துப் போச்சாம். அப்ப ஏரியும் கிடையாது, கிணறும் கிடையாது. பெத்தவங்க எழுந்திருக்கவே இல்லையாம். மத்த ரெண்டு குடும்பமும் வாயைத் திறக்காம ரெண்டு கல் தூரம் நடந்து போய், ஆளுக்கொரு குடம் கொண்டாந்து வச்சாங்களாம். அதுக்கப்புறம்தான் மூணு பேரும் சேர்ந்து ஏரியே வெட்டினது. உங்களுக்கு மதகு, கோடி வீட்டுக்கு ஏரி நிரம்பி வழியற கலங்கல் காவல், எங்களுக்கு முதல் விதைப்பு. உங்க தாத்தா கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்த பிறகும் தண்ணி முறை மாறலை. பாதிரியார் ஜெபத்துக்குக் காத்துகிட்டு நிப்பாராம், என் மாமியார் குடத்தோட போவாங்களாம். தண்ணி தூக்கறவங்க ஊத்தி முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது. அதைத்தான் நான் மறந்து தொலைச்சேன்.

அன்னைக்குக் கோடி வீட்டு ஹரிபிரசாத் பைக்ல வந்தான். குரோம்பேட்டையில செல்போன் கடை வச்சிருக்கானே, அவன்தான். ஒரு தண்ணி கேனை வாசப்படி ஓரமா வச்சான். என்னைப் பார்த்தான், ஒண்ணும் பேசலை, பந்தலுக்குக் கீழ போய் நின்னுட்டான். வந்தவங்க குடிக்கத்தான் வாங்கியாந்திருக்கான்னு பாவி நான் நினைச்சுட்டேன். அந்தக் கேனைப் பிரிச்சு மோர் கரைங்கன்னு நானே சொன்னேன். இனிமே எந்த வீட்டுத் தண்ணியும் வராதுன்னு, லாரித் தண்ணி ரொப்பின எங்க தொட்டியில இருந்தே மொண்டு அவரைக் குளிப்பாட்டிட்டோம். ஹரி காலிக் கேனைப் பார்த்தான். தலையைக் குனிஞ்சுகிட்டு அதை எடுத்துகிட்டுப் போயிட்டான். காரியத்துக்கும் வரலை.

ஏன் வரலைன்னு யோசிச்சு யோசிச்சு, அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நாலு நாள் முன்னாடி அவன் கடைக்குப் போனேன். ஸ்டூலைப் போட்டு உட்கார வச்சான். இன்னா சித்தி, எங்கூட்டுத் தண்ணியில மோரு கரைச்சு ஊருக்கே ஊத்திட்டே, சித்தப்பாவுக்கு ஒரு சொம்பு எடுத்து வைக்கக் கூடாதான்னு கேட்டான். கேன்ல கொண்டாந்தா எனக்கு எப்படிப்பா தெரியும்னேன். பின்ன, இடுப்புல குடத்தை வச்சிகினு பைக் ஓட்டறதா, ஏரியில சாக்கடை கலந்து கீது, அதுலயா அந்த மனுஷனைக் குளிப்பாட்டறதுன்னு சிரிச்சான். சிரிச்சுகிட்டே கண்ணைத் துடைச்சுகிட்டான்.

இப்பவாவது வந்து புதைச்ச இடத்துல ஊத்துப்பான்னு கேட்டேன். அன்னிக்கு மனசு கேக்கல, கொண்டாந்துட்டேன், மத்தபடி ஒரு வூட்டுத் தண்ணி மட்டும் ஊத்தறது நம்மகிட்ட கிடையாது சித்தி, மதகு வூட்டு அக்கா வந்தா நானும் வரேன், ஆனா அவங்க வரமாட்டாங்க, உனக்கே தெரியும்னுட்டான். உங்க அட்ரஸை மட்டும் எழுதிக் கொடுத்தான்.

எனக்குத் தெரியும் அக்கா. மனை போட நிலத்தை முதல்ல வித்தது எங்க வீட்டுக்காரர்தான். ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாய் எங்க மேட்டு நிலத்து வழியாத்தான் போச்சு. காம்பவுண்டு எழுப்பினாங்க, உங்க மதகுல தண்ணி நின்னு போச்சு. ரெண்டு வருஷம் உங்க அப்பா காஞ்ச மதகு மேலயே போய் உட்கார்ந்திருந்தார். பிறகு நீங்க வித்தீங்க, கோடி வீடும் வித்தது. இப்ப கோரைத்தாங்கல்னு சொன்னா கூரியர்காரன், அது எங்கம்மா இருக்குங்கறான். எங்க வீட்டைச் சுத்தி முந்நூறு வீடு இருக்கும். அந்தப் பேர் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

உங்க அப்பாவுக்கு எங்க வீட்டுத் தண்ணி வரலை. நீங்க வாசலையே பார்த்துகிட்டு இருந்தீங்களாம், பின்னாடி கேள்விப்பட்டேன். அக்கா, இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அவர் குடத்தை ரொப்பினார். தோள்ல வச்சுகிட்டு உங்க தெருமுனை வரைக்கும் வந்தார். நான் பின்னாலயே வந்தேன். அங்கேயே நின்னுட்டார். பேசாம போகணுமே, மன்னிப்பு கேட்காம அந்த வாசல்ல எப்படிக் கால் வைக்கறதுன்னு நினைச்சாரோ என்னமோ. தண்ணியை வேலியோரம் கொட்டிட்டுத் திரும்பிட்டார். நான் அவரைப் பிடிச்சுத் தள்ளியிருக்கணும். இல்லைன்னா நானே ஒரு குடம் தூக்கிகிட்டு வந்திருக்கணும். ரெண்டும் செய்யலை.

அடுத்த மாசம் சொந்தக்காரப் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க குரோம்பேட்டை சர்ச்சுக்கு வர்றீங்கன்னு ஹரி சொன்னான். ஒரு அரை நாள் இந்தப் பக்கம் வாங்க. அவரைத் திட்டணும்னா திட்டிகிட்டே ஊத்துங்க, முறையெல்லாம் பார்க்க வேணாம். ஊத்த மனசு வரலைன்னா சும்மா வந்து உட்காருங்க. இங்க ஒரு டம்ளர் அரிசி போட்டா எனக்கு ரெண்டு நாளைக்கு வருது. அன்னைக்கு ஒருநாள் மூணு பேருக்கு உலை வைக்கறேன்.

கர்த்தர் உங்களையும் உங்க பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாம வைக்கட்டும். வர்ற தேதியைச் சொல்லணும்னு இல்லை. கல்யாணத்துக்கு மறுநாளும், அதுக்கு மறுநாளும், அதுக்கப்புறமும் நான் வீட்டுலதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்க தங்கச்சி மாதிரி,
காந்திமதி