மேட்டில் கொதிக்கும் வண்டி

12-2-43, வெள்ளி

இன்றைக்கும் மல்லூர் மேட்டில் என் பஸ் வண்டி கொதித்தது. நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. மேடு தொடங்கியதும் ரேடியேட்டர் மூடி ஆடுகிறது, பாதி மேட்டில் குபுகுபுவென்று ஆவி. நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளப்பிச் சேலம் சூரமங்கலம் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தால் ரயில் போய்விட்டது. ஜனங்கள் என்னைத்தான் வைகிறார்கள். பெட்ரோலையெல்லாம் சண்டைக்கு அனுப்பியது நானா?

இதே வண்டிதான், இதே மேடுதான். பெட்ரோலில் ஓடிய காலத்தில் ஒரு நாள் கொதித்ததில்லை. பின்பக்கம் இந்தக் கரி உலையைக் கட்டி, கரிவாயுவில் ஓட வைத்த பிறகுதான் இந்தக் கூத்து. கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோல் காலையில் கிளப்பத்தான் காணும்.

மேட்டில் நான் செய்யாதது ஒன்றும் இல்லை. இரண்டாவது கியர் போடுகிறேன். பொறிக் கம்பியை மேலே தள்ளுகிறேன் — ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இருக்கிற அந்தச் சின்னக் கம்பி, என்ஜினில் பொறி அடிப்பதை முந்தவும் பிந்தவும் வைப்பது. பாரம் இழுக்கும்போது அதை மேலே தள்ளிப் பொறியைப் பிந்த வைக்காவிட்டால் என்ஜின் சம்மட்டி அடிக்கிற மாதிரி தட்டும். பெட்ரோல் நாளிலிருந்து என் கை தானாகச் செய்கிற வேலை அது.

15-2-43

கொதித்தது. எழுத வேறொன்றும் இல்லை.

23-2-43, செவ்வாய்

என் பெண்டாட்டி சென்னியம்மாளைச் சேலத்து லேடி டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். முதல் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் பிறந்து, அழாமலே போனவை. இந்தத் தடவை டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார்: வலி கண்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே இங்கே வர வேண்டும், தாமதித்தால் பிள்ளைக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து. "வண்டி வசதி உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். சென்னியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சித்திரை பாதியில் அவளைச் சேலத்திலேயே, அம்மாபேட்டையில் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று பேச்சு. அதுவரை ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும். வருகிற வழியிலும் கொதித்தது. ஆறுகிற வரை அவள் புளியமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வண்டியை அப்படியே பள்ளத்தில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

4-3-43, வியாழன்

இப்போது கியர் பெட்டியும் சேர்ந்துகொண்டது. மேடு முழுக்க இரண்டாவது கியரிலேயே அரைத்தால் அது சுடாமல் என்ன செய்யும்? காலடிப் பலகை தொட முடியவில்லை. வெற்றிலைக் கூடைக்கார ராமாத்தாள் இரண்டு காலையும் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு, "ஏஞ்சாமி, அடுப்பு மேல உக்கார வெச்சுப்போட்டு டிக்கெட்டும் கேக்கறீங்களே" என்கிறாள். வண்டியே சிரிக்கிறது. என் மச்சினன் கந்தப்பன், இந்த வண்டிக்குக் கண்டக்டர், கரி போடுகிறவன், என் பக்கம் பேச வேண்டியவன் — அவனும் சிரிக்கிறான்.

உலை கட்டிக் கொடுத்த சரவணமுத்துவின் சேலத்துப் பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒலைல ஒண்ணும் பழுதில்லீங்க. பெட்ரோல் ஓட்டின கைய மறந்துபோட்டு ஓட்டுங்க. கரிவாயு நெதானமா எரியறதுங்க" என்றார். நிதானமாக எரிந்தால் எனக்கென்ன, வேகமாக எரிந்தால் எனக்கென்ன? கொதிக்கிறதா இல்லையா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை. கோபத்தில் காப்பியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

19-3-43, வெள்ளி

இதை எழுதவே கை கூசுகிறது.

மேட்டில் வழக்கம்போல் நின்றது. மல்லூரில் மாரியம்மன் நோன்பு. சாலை ஓரத்தில் பந்தல் போட்டு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கரி உலையைப் பார்க்கப் பின்பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தால் மூன்று பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள், கந்தப்பன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பிடித்திருக்கிறான், மோர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. உப்புப் போட்டு, கறிவேப்பிலை, கொத்துமல்லி கிள்ளிப் போட்ட மோர்.

"அடேய், என்னடா பண்ற?"

"தண்ணி தீந்துபோச்சுங்க மச்சான். சூட்டுக்கு மோரு நல்லதுதானுங்களே?"

அந்தப் பெண்களில் ஒருத்தி, "ஆத்தா பேரச் சொல்லித்தானுங்க ஊத்துனோம், கொறை வராது" என்றாள். கும்பிட்டேன். வேறு வழி?

சேலம் போகிற வரை வண்டியிலிருந்து திரிந்த மோர் வாடை. பட்டறையில் அடிக் குழாயைத் திறந்தால் கட்டி கட்டியாக வருகிறது, கடைசியில் ஒரு கறிவேப்பிலையும் வந்து விழுந்தது. சரவணமுத்து அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

20-3-43

சோடா உப்புப் போட்டு நாலு தடவை அலசினோம். வாடை போகவில்லை.

2-4-43, வெள்ளி

ஜனங்கள் ஒரு வழக்கமே ஏற்படுத்திக்கொண்டார்கள். மேட்டடி வந்ததும் ஆண்கள் எல்லாம் சொல்லாமலே கீழே குதிக்கிறார்கள். பின் படியில் நான் கட்டி வைத்திருக்கிற நாலு தண்ணீர்க் குடத்தையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு கூடவே நடக்கிறார்கள், வண்டி நின்றால் ஊற்ற. நடந்துகொண்டே ஊர்க்கதை வேறு. என் வண்டி நிற்கும் என்பதில் இந்த ஊருக்கு இருக்கிற நம்பிக்கை ஓடும் என்பதில் இல்லை.

அத்தை — சென்னியம்மாளின் அம்மா காளியாத்தாள் — பெண்ணைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருக்கிறாள். இன்று காலை ரேடியேட்டரை மூடி வேப்பிலை கட்டி வைத்திருந்தாள். காற்றுப் போகிற வழியையே அடைத்துவிட்டு, "நல்லதுக்குத்தானுங்க மாப்பிள்ளை" என்கிறாள். அவிழ்த்துப் போட்டேன். இரண்டு வேளையாக அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

11-4-43, ஞாயிறு

சென்னியம்மாளோடு சண்டை. சண்டை என்றால் நான் பேசினேன், அவள் கேட்டாள். இப்போதே அம்மாபேட்டைக்குப் போய்விடு என்றேன். சித்திரை பிறக்காமல் போகக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாளாம். சித்திரை பிறந்தாலும் நல்ல நாள் பார்க்க வேண்டுமாம். அந்த நாள் 24-ஆம் தேதியில் வந்து நிற்கிறது.

கடைசியில் அவள் கேட்டாள்: "வலி முன்னாலயே வந்துபோட்டா, உங்க வண்டி மேடேறுமுங்களா?"

ஏறும் என்றேன். பொய். என் வண்டி, என் பெண்டாட்டி, என் பிள்ளை — நான் சொல்ல முடிந்தது ஒரு பொய்தான். இரண்டு பிள்ளைகளைத் துணியில் சுற்றி நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவதையும் அப்படி எடுத்துப் போக என்னால் ஆகாது.

21-4-43

விடியும்போது வலி. கந்தப்பன் உலையை ஊதிக்கொண்டிருக்கிறான். இன்னும் வாயு வரவில்லை. ஏன் வரமாட்டேன் என்கிறது?

22-4-43, வியாழன்

நேற்று நடந்ததை இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

காலை வண்டிக்கு வந்த ஜனங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் இறங்குகிறோம் என்றார்கள். நான்தான் இருக்கச் சொன்னேன், மேட்டில் தள்ள ஆள் வேண்டுமே. பின்னால் கரி வாடை என்பதால் சென்னியம்மாளை எனக்கு இடப்பக்கம் முன் சீட்டில் உட்கார வைத்தோம். அத்தை அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ராசிபுரம் தாண்டும் வரை அவள் ஒரு சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

மேட்டடி வந்தது. இரண்டாவது கியருக்கு வந்து, பொறிக் கம்பியை மேலே தள்ளினேன். வண்டி தளர்ந்தது. அந்த வழக்கம் பிடித்த மனுஷர்கள் எல்லாரும் குதித்தார்கள், குடத்தையும் எடுத்துக்கொண்டு. அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பெரிய வலி. கைக்கு எட்டியது எதுவோ அதைப் பிடித்தாள். எட்டியது பொறிக் கம்பி. பிடித்து அடிவரை இழுத்துவிட்டாள்.

"விடு, சென்னி! என்ஜின் தட்டும், ஒடஞ்சு போயிரும்!"

அவள் விடவில்லை. ஒரு கையால் அவள் விரலைப் பிரிக்கப் பார்த்தேன். வலியில் இருக்கிறவள் பிடி, பிரிக்கவா முடியும்? அத்தை என் கையைத் தட்டிவிட்டு, "வண்டி போனாப் போவுது, வுடுங்க அவள" என்றாள்.

தட்டும், தட்டும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தட்டவில்லை. அதற்குப் பதிலாக வண்டி இழுத்தது. இத்தனை நாள் முக்கி முனகிய வண்டி, பெட்ரோல் நாளில் போன மாதிரி போக ஆரம்பித்தது. பின்னாலிருந்து கந்தப்பன் கத்துகிறான்: "மச்சான், நிறுத்துங்க, ஆளுங்களையெல்லாம் வுட்டுப்போட்டு வந்துட்டம்! கொடமெல்லாம் அவிய கையிலீங்க!"

திரும்பிப் பார்த்தால் குடத்தோடு ஓடி வருகிறார்கள். நிறுத்தினால் மறுபடி ஏறுமா என்று தெரியாது. கொதித்தால் ஊற்ற ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நிறுத்தவில்லை. மாரியாத்தா, மாரியாத்தா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் மூடியை விட்டு என் கண் நகரவில்லை. அது ஆடவே இல்லை. மூன்றாவது கியர் போட்டேன், அதிலும் ஏறியது. மேட்டின் உச்சி வந்தது, நாங்கள் தாண்டிவிட்டோம். கம்பி அப்படியே அவள் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில்தான் அவள் கையை எடுத்தாள். டாக்டர் உள்ளே கொண்டுபோனார். கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று பிறகு சொல்லி நிறுத்திவிட்டார். அதுவரை நான் வெளியே வண்டி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளே ஒரு அழுகை கேட்டது. வேறு யார் பிள்ளையோ என்று நினைத்தேன். அத்தை ஓடி வந்து, "மாப்பிள்ளை, பொட்டப்புள்ளைங்க, அழுவுதுங்க" என்றாள். அழுகிறதா, அழுகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

26-4-43, திங்கள்

சரவணமுத்துவிடம் நடந்ததைச் சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று பார்த்தால், "கரிவாயு நெதானமா எரியறது, பொறிய முந்தி வெக்கோணும். நீங்க மேட்ல பிந்தி வெச்சா, எரியறதுல பாதி என்ஜினச் சுட வெச்சுப்போட்டுத்தான் வெளிய போவும். இழுக்கத் தெம்பிருக்காது, அப்பறம் கியரப் போட்டு அரைக்கறதுதான். நான் அன்னைக்கே சொன்னனுங்களே" என்கிறார்.

எங்கே சொன்னார்? கையை மற என்றால் கம்பியைக் கீழே இழு என்று அர்த்தமா? சொல்கிறவர் புரிகிற மாதிரி சொல்ல வேண்டாமா? இரண்டரை மாதம்! ஆனால் காப்பி கொடுத்தார், குடித்தேன்.

28-4-43

மேட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் இன்னும் சண்டைக்கு வருகிறார்கள். ராமாத்தாள் மட்டும், மோர் ஊற்றிய பலன்தான் பிள்ளைக்குக் கிடைத்தது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

6-5-43, வியாழன்

நல்ல நாள் என்று அத்தை சொன்னதால் இன்று வீட்டுக்கு அழைத்து வந்தேன். சென்னியம்மாள் அதே முன் சீட்டில், பிள்ளை மடியில். மல்லூர் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் என் கை பழக்கத்தில் கம்பியை மேலே தள்ளப் போனது. அவள் என்னைக் கேட்கவில்லை. கையை நீட்டிக் கம்பியைக் கீழே இழுத்து வைத்துவிட்டு, மறுபடி பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேட்டுக்கு மேலே வண்டியை நிறுத்தச் சொன்னாள். கொதிக்கவில்லையே என்றேன். பிள்ளை துணியை நனைத்துவிட்டதாம். ரேடியேட்டருக்கென்று கொண்டுவந்த தண்ணீரில் ஒரு குடத்தை இறக்கி அத்தை துணியை அலசினாள். மற்ற மூன்று குடமும் தளும்பத் தளும்ப வீடு வந்து சேர்ந்தன.